பிசின்

பைன் மரத்துப் பிசினுக்குத் தேன் நிறம்.
காலணியின் குதிப்பக்கம் ஓர் உருண்டை அப்பிவைத்து
ஊறுகாயைத் தொடுவதுபோல் தொட்டுக்கொள்கிறார்கள்.
அதனால்தான் ஒற்றைக் கையில் பந்து நிற்கிறது.
அதனால்தான் எனக்குச் சம்பளம்.

திராவா ஆற்றங்கரையில் எங்கள் அரங்கம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள்,
அதில் ஒன்பது உடைசல்.
நான் பெர்னார்தா.
கூட்டம் கலைந்து, விளக்குகளில் பாதி அணைந்த பிறகு
வாளியும் தகட்டுக்கத்தியுமாய் மண்டியிடுகிறவள்.
ஐரோப்பியக் கோப்பையைக் கண்ணால் பார்த்ததைவிட
சுரண்டிப் பார்த்ததுதான் அதிகம்.

செப்டம்பரில் பரோயே தீவுக்காரர்கள் வந்தார்கள்.
இங்கே ஒன்று, அங்கே ஒன்று,
இரண்டையும் கூட்டித்தான் வெற்றி என்பது விதி.
விமானக் கட்டணம் கட்டுபடியாகாமல்
தங்கள் வீட்டு ஆட்டத்தை எங்களுக்கே விற்றுவிட்டார்கள்.
சனிக்கிழமை விருந்தாளி.
ஞாயிற்றுக்கிழமை அதே தரையில் வீட்டுக்காரர்.
பலகையில் பெயர்கள் மட்டும் இடம் மாறின.

ஞாயிறு காலை, எல்லோருக்கும் முன்பாக வந்தான்
அவர்களுடைய கோல்காவலன் ஹானுஸ்.
மீன் ஆலையில் வேலையாம்.
துடைப்பம் கேட்டான்.
"இன்று இது எங்கள் வீடு" என்றான்,
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.
கோல்வட்டத்தின் ஒரு மூலையை
(வட்டத்துக்கு ஏது மூலை, அவன் கண்டுபிடித்தான்)
துடைத்தான்.
மோசமாகத் துடைத்தான்.
பதினோரு கோலில் தோற்றபின்
வாசலில் நின்று
எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொருவராய்க் கைகொடுத்து
வழியனுப்பி வைத்தான்.

நவம்பரில் ருமேனியா.
வெளியூர் ஆட்டங்கள் எனக்குக் கறை தராதவை;
யாராவது சொன்னால் நம்புவேன், அவ்வளவுதான்.
உள்ளூரில் நடந்தால் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
ஓரத்தில் நீளமாய் ஒரு தேய்ப்பு என்றால் தீலென்,
பறந்து எறிந்துவிட்டு இடுப்பில் இறங்குகிறவன்.
ஆறு மீட்டர்க் கோட்டின்மேல்
முழங்கையும் உள்ளங்கையும் முழங்கையுமாய்ப் பதிந்திருந்தால்
கொராஸ்து.
எதிராளிகளுக்கு நடுவே வேலிக்கல்லாய் நின்று
சட்டை கிழிய இழுபட்டு
விழுந்துகொண்டே எறிகிறவன்.
விடிகாலை மூன்றிலிருந்து ரொட்டி சுடுகிறவன்.

மார்ச்சில் டென்மார்க்.
அங்கே முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு, தோல்வி.
இங்கே முப்பதுக்கு இருபத்தாறு, வெற்றி.
கூட்டினால் ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு.
என் மகன் பள்ளியில் இப்படியொரு கணக்குப் போட்டிருந்தால்
பார்த்து எழுதினாயா என்று கேட்டிருப்பார்கள்.

ஏழு மீட்டர் எறிதல்கள். ஆளுக்கு ஐந்து.
சாமான் அறைக் கதவிடுக்கில் நின்று
இதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.
கடைசி எறி கொராஸ்துவுக்கு.
போட்டால் நீடிப்போம்.
அவன் குதிகாலைத் தொட்டான்.
இன்னொரு முறை தொட்டான்.
அந்த இரண்டாவது தொடலில் எனக்கு வயிறு கலங்கியது;
பதினெட்டு வருடம் இந்தப் பிசினோடு மல்லுக்கட்டியவள் நான்.

கை முன்னே வந்துவிட்டது.
பந்து வரவில்லை.
ஒரு நகக்கண் அளவு நேரம் கூடுதலாக
அவனோடேயே இருந்துவிட்டு
தரையில் அடித்து, எழும்பி,
கம்பத்துக்கு மேலாக, அவசரமே இல்லாமல், போனது.

இரவு பதினொன்றுக்கு அந்த இடத்துக்கு வந்தேன்.
காப்பிக் கோப்பை வைத்தெடுத்ததுபோல் ஒரு வட்டம்.
மற்றதைப்போலத்தான் அதையும் சுரண்டினேன்.
மூன்று நிமிடம் ஆனது.
மறுநாள் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பூப்பந்து ஆடினார்கள்.

திங்கட்கிழமை ரொட்டிக் கடையில் நீண்ட வரிசை.
யாரும் ஆட்டத்தைப் பேசவில்லை, மழையைப் பேசினார்கள்.
என் முறை வந்தது. மீதிச் சில்லறை தந்தான்.
ஒரு நாணயம் மட்டும்
அவன் கட்டைவிரலை விட்டு விழ மறுத்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னும் போகமாட்டேன் என்கிறது."

"எண்ணெய் தடவு, கொராஸ்து.
தண்ணீருக்கு அது போகாது."